இருபத்து நான்கு ஐஸ் பாளங்கள்

என் அத்தை இந்தியப் பெண்கள் அணிக்காக ஐஸ் ஹாக்கி ஆடினாள். காஞ்சிபுரத்தில் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். சித்திரை வெயிலில் தார் உருகிச் செருப்பில் ஒட்டும் ஊர் இது. ஆனால் அவள் ஆடினாள். ஆறு வருடம், தடுப்பாட்டக்காரியாக. வெளிநாட்டில் நடந்த முதல் போட்டியில் அவள் அணி படுமோசமாகத் தோற்றதையும், இரண்டு வருடம் கழித்து முதன்முதலாக ஜெயித்ததையும் அப்பாவின் செல்போனில் பார்த்தோம். தலைக்கவசத்துக்குள் எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி இருந்தார்கள். முதுகிலிருந்த எண்ணை வைத்துத்தான் அவளைக் கண்டுபிடிப்போம். கண்டுபிடித்த நேரம் பார்த்துப் படம் நின்றுவிடும். ஜெயித்த அன்று அவளுடைய முன்பல் ஒன்று பாதி உடைந்துபோனது. அதைக் கட்டிக்கொள்ளச் சொல்லி அம்மா இன்றுவரை கெஞ்சிக்கொண்டிருக்கிறாள்.

அதெல்லாம் பிறகு. அத்தை முதன்முதலாக ஐஸின் மேல் நின்றபோது நான் பக்கத்தில் இருந்தேன். எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பத்தொன்பது. இடம், எங்கள் ஊர் ஐஸ் கம்பெனி.

அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். பள்ளியில் விளையாட்டு டீச்சர் வாங்கி வைத்திருந்த சக்கர ஷூவில் ஆரம்பித்து, கல்யாண மண்டபத்துச் சிமெண்டுத் தரையில் ரோலர் ஹாக்கி ஆடி, மாநில அணி வரைக்கும் போயிருந்தாள். சக்கரத்தில் நன்றாக ஆடுகிறவர்களில் சிலரை ஐஸ் ஹாக்கித் தேர்வு முகாமுக்கு லடாக்குக்கு அழைத்தார்கள். அதில் அவள் பெயரும் இருந்தது. முகாமுக்குப் பத்து நாள்தான் இருந்தது. முதல் நாளே நிற்கத் தெரியாதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று முன்பு போய்வந்தவர்கள் சொன்னார்கள். அத்தை அதுவரை பார்த்திருந்த பெரிய ஐஸ், ஜூஸ் கடைக்காரர் கோணியில் சுற்றி வைத்திருப்பதுதான்.

சென்னையில் ஒரு சின்ன ஐஸ் அரங்கம் மூடப்பட்டபோது விற்ற பழைய ஐஸ் ஷூ ஒரு ஜோடியை யார் மூலமாகவோ வாங்கியிருந்தாள். அடியில் சக்கரத்துக்குப் பதிலாகக் கத்திபோல ஒரு இரும்பு. குதிகாலில் வெள்ளைப் பெயிண்டில் ‘8’ என்று எழுதியிருந்தது. ஒரு சைஸ் பெரியது. இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டாள்.

அப்பா ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினார். ஐஸ் கம்பெனி மேஸ்திரி அவருடைய தினசரி சவாரி. அத்தை ஐஸில் நின்று பழக இடம் தரச் சொல்லி அப்பா அவரிடம்தான் கேட்டிருக்கிறார். ஒரு நாள் விடிந்ததும் விடியாததுமாக மூன்று பேரும் போனோம். உள்ளே காலடியெல்லாம் ஈரம். மேஸ்திரி அத்தையை மேலும் கீழும் பார்த்தார்.

“இதும் மேல நடக்கப்போறியா?”

“ஓடணும் மேஸ்திரி.”

அவர் இரண்டு ஆட்களைக் கூப்பிட்டுப் பாளங்களைத் தரையில் அடுக்கச் சொன்னார். நீளவாக்கில் எட்டு, அகலவாக்கில் மூன்று. இடுக்குகளில் தூள் ஐஸை நிரப்பி, ஒரு வாளித் தண்ணீரை மெல்ல ஊற்றினார். தண்ணீர் ஓடாமல் அப்படியே உறைந்து நின்றது. இருபத்து நான்கு பாளமும் ஒரே பலகையாகிவிட்டது. அதிலிருந்து புகை எழுந்தது. நான் வாயைத் திறந்தபடி நின்றேன்.

“ஏழு மணிக்கு மீன் மார்க்கெட் வண்டி வந்துடும்மா. அதுக்குள்ள இன்னா பண்ணணுமோ பண்ணிக்கோ.”

“ஐஸ்ல கோடு விழும் மேஸ்திரி,” என்றாள் அத்தை.

“மீனுக்குக் கோடு தெரியப்போவுதா? நீ ஏறு.”

ஏறிய வேகத்தில் விழுந்தாள். எழுந்து நின்று, மறுபடி விழுந்தாள். சக்கரத்தில் பறக்கிறவள் பிறந்த கன்றுக்குட்டிபோலக் கால்களை விரித்துக்கொண்டு நடுங்கியதைப் பார்க்க எனக்கு அவமானமாக இருந்தது. பாளம் அடுக்கிய ஆட்கள் பீடியைப் பற்றவைக்காமலே கையில் பிடித்திருந்தார்கள். ஏழெட்டு முறைக்குப் பிறகு, ஏதோ ஒரு நொடியில், அவள் உடம்பு நேரானது. ஒரு காலைத் தள்ளினாள். சர்ரென்று ஒரு சத்தம். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அவள் போய்விட்டாள். நடக்கவில்லை, ஓடவுமில்லை. மனுஷி அப்படி நகர்ந்து நான் பார்த்ததே இல்லை.

ஆனால் நிற்கத் தெரியவில்லை. முனையில் அப்பா கையை விரித்துக்கொண்டு நின்றார். அவள் நேராக வந்து அவர் மார்பில் மோதினாள். திரும்பிப் போய் மறுபடி வந்தாள். மறுபடி மோதினாள். அப்பா இரண்டு அடி பின்னால் போய்ப் பிடித்துக்கொள்வார். பத்துத் தடவையாவது இருக்கும். ஒவ்வொரு தடவையும் இருவரும் சிரித்தார்கள்.

மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே வண்டி ஹாரன் கேட்டது.

“இன்னும் ரெண்டே ரெண்டு வாட்டி,” என்றாள் அத்தை.

முன்னைவிட வேகமாக வந்தாள். அப்பா கையை விரித்துக்கொண்டுதான் நின்றார். அவள் கடைசிப் பாளத்துக்கு வந்தபோது, அவர் விலகிவிட்டார்.

அத்தை பாளத்தைத் தாண்டிச் சிமெண்டுத் தரையில் போய் விழுந்தாள். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. நான் கத்தினேன். அப்பா தூக்கப் போகவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றார். அத்தை அவரை ஒரு தடவை பார்த்தாள். எழுந்து, ஆரம்ப முனைக்குத் திரும்பினாள்.

இந்த முறை அப்பா கையை விரிக்கவே இல்லை. பாதி தூரத்திலேயே ஓரமாக ஒதுங்கிக்கொண்டார். அத்தை அதே வேகத்தில் வந்தாள். கடைசிப் பாளத்தில் சட்டென்று இடுப்பைத் திருப்பி இரண்டு கத்தியையும் குறுக்கே வைத்தாள். ஐஸ் தூளாகப் பறந்து அப்பாவின் காக்கிச் சட்டையில் வெள்ளையாக ஒட்டியது. பாளத்தின் விளிம்புக்கு நான்கு விரற்கடை இருந்தது. அத்தை நின்றிருந்தாள்.

“போதும்பா, வண்டிய உள்ள வுடுங்க,” என்று மேஸ்திரி ஆட்களிடம் சொன்னார்.

திரும்பும்போது அத்தை முன்னால் அப்பாவின் சீட்டிலேயே ஒண்டிக்கொண்டு, முழங்கையில் என் கைக்குட்டையைச் சுற்றியபடி உட்கார்ந்திருந்தாள். நான் பின்னால் தனியாக இருந்தேன். பொறுக்க முடியாமல் கேட்டேன்.

“ஏம்ப்பா நவுந்த? அத்தைக்கு ரத்தம் வந்துச்சு இல்ல?”

அப்பா சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அங்க நான் இருக்க மாட்டேனேம்மா.”

அத்தை திரும்பி வெளியே பார்த்தாள். எனக்குக் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. அங்கே லடாக்கில் இருக்கமாட்டார், சரி. இங்கே பக்கத்திலேயே இருந்தாரே, பிடித்திருக்கலாமே என்று நினைத்து, வீடு வரும்வரை நான் அவரோடு பேசவே இல்லை.