கிளட்ச் இல்லாத காரும் சவரிமுத்து டிரைவரும்

கியர்பாக்ஸ் டிசைன் செய்பவனின் பிழைப்பு ஒரு மாதிரியானது. ஒழுங்காக ஓடினால் அப்படி ஒன்று வண்டியில் இருப்பதே யாருக்கும் தெரியாது, உடைந்தால் மட்டும் எல்லோரும் நம் பெயரை விசாரிப்பார்கள். இயந்திரங்களோடு மாரடிக்கும் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எழுபதுகளில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில், ஒரு கார் கம்பெனிக்காக நாங்கள் நாலு இன்ஜினியர்கள் தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் பெட்டி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். எங்கள் தலைவர் ஞானப்பிரகாசம் சார், பாளையங்கோட்டைக்காரர். ஐந்து வருடமாக அவருக்கு வேறு நினைப்பே இல்லை. பொங்கலுக்குள் ஒரு பெட்டியாவது ரோட்டில் பத்தாயிரம் கிலோமீட்டர் தாக்குப்பிடிக்காவிட்டால் கொட்டகையை மூடிவிடுவதாக மேலிடம் சொல்லியிருந்தது.

இடது கால்

சோதனை ஓட்டத்துக்கு வந்தவர் மண்ணூர் சவரிமுத்து. இருபது வருடம் லாரி ஓட்டியவர். முதல் நாள் வண்டியை நிறுத்தப் போகும்போது அவருடைய இடது கால் பழக்கதோஷத்தில் கிளட்சைத் தேடியது. கிளட்ச் இல்லை. அகலமான பிரேக்தான் அகப்பட்டது. கிளட்ச் என்றே நினைத்து ஒரே மிதி மிதித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஞானப்பிரகாசம் சாரின் மூக்குக் கண்ணாடி பறந்து முன்னால் விழுந்தது.

மறுநாள் சவரிமுத்து இடது காலை மடித்து சீட்டில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு வண்டியை எடுத்தார். ஏனய்யா இப்படி என்று கேட்டேன்.

“இருபது வருஷம் வேலை செஞ்ச கால் சார். சும்மா இருன்னா இருக்குமா?”

எலுமிச்சம்பழம்

வல்லக்கோட்டை முருகன் கோயிலில் பூஜை போடாமல் எங்கள் கம்பெனியில் எந்த வண்டியும் ரோட்டுக்குப் போனதில்லை. கண்ணாடியில் ஜெபமாலை தொங்க, சவரிமுத்து பயபக்தியாக ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. வண்டிக்கு முன்னால் நின்ற பூசாரியின் தட்டில் கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சவரிமுத்து இன்ஜினை ஸ்டார்ட் செய்து கியரில் போட்டுவிட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்து, கும்பிட்டார்.

ஆட்டோமேட்டிக் வண்டி ஆக்சிலேட்டரை மிதிக்காமலே மெதுவாக ஊர்ந்து போகும் என்பதை நாங்கள் யாருமே பூசாரியிடம் சொல்லியிருக்கவில்லை. வண்டி பழத்தை நசுக்கிக்கொண்டு அவரை நோக்கி நகர்ந்தது. அவர் தட்டோடு பின்வாங்கினார். வண்டியை நிறுத்தியதும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து அடியில் எட்டிப் பார்த்தார்.

“யாரும் மிதிக்காமலே நகருதே. அப்ப டிரைவர் எதுக்கு?”

மூன்று பெட்டிகள்

கொட்டகையில் ஸ்டாண்டில் மாட்டி ஓட்டினால் பெட்டி நாள்கணக்கில் சமர்த்தாக ஓடியது. காரில் மாட்டினால் சில வாரங்களில் கருகியது. பிரித்துப் பார்த்தால் உள்ளே எண்ணெய் தார் மாதிரி கறுத்திருக்கும்; தண்டுகளைத் தாங்கும் புஷ் வளையங்கள் சூட்டில் நீலம் பாரித்திருக்கும். எண்ணெயை மாற்றினோம். புஷ் உலோகத்தை மாற்றினோம். எண்ணெய் போகும் வழிகளை அகலப்படுத்தினோம். மூன்றாவது பெட்டியும் போனது.

எனக்குக் கோபம் வந்தது. ஞானப்பிரகாசம் சாருக்கு வரவில்லை. கருகிய புஷ்ஷை மூக்கருகே வைத்து முகர்ந்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நிக்க வச்சா ஓடுது, ஓட வச்சா நிக்குது. இவ்வளவு எண்ணெய் இருந்தும் காஞ்சுபோயிருக்கே, எப்படிவே?”

ஏரிக்கரை இறக்கம்

நாலாவது பெட்டி மாட்டிய அன்று நானும் காரில் ஏறிக்கொண்டேன். ஒரகடத்திலிருந்து திரும்பும்போது ஒரு ஏரிக்கரை மேடு வரும். மேட்டின் உச்சிக்கு வந்ததும் சவரிமுத்து நியூட்ரலுக்குத் தள்ளி, சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டார். வண்டி சத்தமில்லாமல் இறக்கத்தில் போனது. எனக்குக் காற்றின் சத்தம்தான் கேட்டது.

சாதாரண கியர்பாக்ஸ் தன் எண்ணெயிலேயே முங்கிக் கிடக்கும். அதற்கு இதெல்லாம் ஒன்றும் செய்யாது. எங்கள் பெட்டிக்கோ எண்ணெய் ஊட்ட ஒரு பம்ப் உண்டு. பம்பைச் சுற்றுவது இன்ஜின். இன்ஜினை அணைத்தால் பம்ப் நின்றுவிடும். சக்கரம் மட்டும் உள்ளே இருப்பதையெல்லாம் வறட்டுச் சுற்றாகச் சுற்றும். மூன்று பெட்டிகளும் எப்படிச் செத்தன என்று புரிந்ததும் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. அடுத்த நிமிடமே இன்னொன்றும் புரிந்தது. ரிப்போர்ட்டில் இவர் பெயரை எழுதினால் வேலை போய்விடும்.

பெட்ரோலை மிச்சம் பிடித்த பெருமையில் என்னைப் பார்த்துச் சிரித்த சவரிமுத்து, என் முகத்தைக் கண்டு சிரிப்பை நிறுத்தினார்.

“எறக்கத்துல இன்ஜின ஓட வுடறவன் டிரைவரே இல்ல சார். ஏன், இன்னா தப்பு?”

ரிப்போர்ட்

மனசில்லாமல் ‘டிரைவரின் தவறு’ என்று எழுதிக் கொடுத்தேன். ஞானப்பிரகாசம் சார் படித்துவிட்டு எழுந்து, பெங்களூர் ரோட்டில் லாரிகள் நிற்கும் டீக்கடைக்கு என்னை அழைத்துப் போனார். அங்கே இருந்த டிரைவர்களிடம் இறக்கத்தில் என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லோரும் சவரிமுத்து செய்ததையே சொன்னார்கள். கேள்வி கேட்டவரை ஒரு மாதிரியாகவும் பார்த்தார்கள்.

திரும்பி வந்ததும் ‘டிரைவரின்’ என்பதை அடித்துவிட்டு ‘டிசைனின்’ என்று எழுதினார். அந்த ஒரு அடித்தலுக்காகவே அவரை எனக்கு ஆயுசுக்கும் பிடிக்கும். பெட்டியின் பின்பக்கம் இன்னொரு சின்ன பம்ப் வைத்தோம். இன்ஜின் செத்தாலும், சக்கரம் உருள்கிற வரைக்கும் அது சுற்றும்.

“ஊர் பூரா இப்படித்தான் ஓட்டுதான். அத்தனை பேரையும் மாத்துறதைவிட ஒரு பெட்டியை மாத்துறது லேசுவே.”

மேலிடத்தின் சவாரி

பொங்கலுக்கு முந்தின வாரம் பத்தாயிரமாவது கிலோமீட்டரைப் பார்க்க மேனேஜிங் டைரக்டரே பின் சீட்டில் ஏறினார். இன்றைக்கு ஒரு நாள் சாவியைத் தொடாதே என்று சவரிமுத்துவிடம் நூறு தடவை சொல்லியிருந்தேன். தலையாட்டினார். ஏரிக்கரை உச்சி வந்தது. அவர் கை தானாகப் போய்ச் சாவியைத் திருப்பியது.

“வண்டி நின்னுடுச்சா?” என்றார் டைரக்டர். ஞானப்பிரகாசம் சார் கண்ணை மூடிக்கொண்டார். நான் பெட்டியின் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் முள்ளை எட்டிப் பார்த்தேன். இறக்கம் முடியும் இடத்தில் சவரிமுத்து சாவியைத் திருப்பி, கியரில் இழுத்துப் போட்டார். ஸ்டார்ட்டரைத் தொடாமலே இன்ஜின் பிடித்துக்கொண்டது. எண்ணெய் முள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. டைரக்டர் எட்டி, அந்த முள்ளையும் சவரிமுத்துவையும் மாறி மாறிப் பார்த்தார். கொட்டகையை மூடவில்லை.

“பயப்படாதீங்க சார். எண்ணெ சுத்திக்கினுதான் கீது. பெட்டிக்கு இப்ப என்னைத் தெரியும்.”

ஒரு பெடலைக் குறைக்க நாலு இன்ஜினியர்களுக்கு ஐந்து வருடம் ஆயிற்று, ஒரு டிரைவரின் பழக்கத்தைக் குறைக்க முடியாமல் கடைசியில் ஒரு பம்பைக் கூட்டிக்கொண்டோம்.