கிரைண்டருக்கு வைத்த பொட்டு

எங்கள் இருவருக்கும் உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. எனக்குச் சின்ன வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிவிட்டது. என் வீட்டுக்காரருக்குக் கல்யாணமான பிறகு, வேலை பார்த்த பட்டறையில், பிரஸ் மெஷினில் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. மாதம் பிறந்து பணம் ஏறிவிட்டதாகப் போனில் செய்தி வந்தால் அன்றைக்கு எங்கள் வீட்டுக் காபி கொஞ்சம் கெட்டியாக இருக்கும்.

அதை வாங்குவதில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை. அலுப்புதான் இருந்தது. எங்களால் முடியாது என்று எத்தனை மேஜைக்கு முன்னால் நின்று சொல்வது? ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ் பிடித்துப் போய், நான் புடவையைத் தூக்கிக் காலைக் காட்ட வேண்டும், அவர் சட்டைக் கையை மடித்துக் காட்ட வேண்டும். திரும்பி வரும்போது பஸ்ஸில் இருவரும் பேசிக்கொள்ள மாட்டோம்.

அதனால்தான் உதவித்தொகை ஆபீசில் சுயதொழில் உதவி பற்றிச் சொன்னபோது நான் முந்திக்கொண்டு தலையாட்டினேன். புருஷன் பெண்டாட்டி சேர்ந்து தொழில் செய்வதென்றால் மாவு அரைக்கிற பெரிய கிரைண்டர் தருவார்கள். வியாபாரம் தொடங்கியதும் உதவித்தொகை நின்றுவிடும். பிறகு ஒருநாள் வந்து பார்ப்பார்கள். தொழில் நடக்கவில்லை என்று தெரிந்தால் கிரைண்டரை எடுத்து, காத்திருக்கும் வேறு ஜோடிக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"அதுவும் நின்னு, இதுவும் போச்சுன்னா?" என்று பஸ்ஸில் கேட்டார் அவர்.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க," என்றேன்.

அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்பார்கள். நான் புருஷனையும் கூட்டிக்கொண்டு போய் அரசனை நம்பினேன்.

கிரைண்டர் வந்தது. மண்ணச்சநல்லூர் மில்லிலிருந்து இட்லி அரிசி வரவழைத்தோம். விடிவதற்கு முன்பே ஓட்ட ஆரம்பித்துவிடுவோம். கல் சுற்றச் சுற்ற அவர் இடது கையால் மாவைத் தள்ளிவிடுவார். அரைத்து முடித்ததும் தோளைக் கொடுத்து டிரம்மைச் சாய்ப்பார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து தூக்குப் பாத்திரங்களில் வாங்கிக்கொள்வேன். இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்று கை, மூன்று கால் என்று அவர் கேலி செய்வார். ஆரம்பத்தில் சிரித்தேன். போகப் போக, சிரிக்கவும் தெம்பு வேண்டியிருந்தது. எதிர் வீட்டு மாமி, "வெளி மாவெல்லாம் நாங்க தொடறதில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், முழங்கால் வலி வந்ததும் சம்புடத்தோடு வாசலில் நின்றார். உதவித்தொகை நின்றது. மாவை வைத்துத்தான் வாடகை, மாவை வைத்துத்தான் மருந்து.

ஒருநாள் ஆபீசிலிருந்து போன். மறுநாள் பார்க்க வருகிறார்களாம்.

நான் செய்ததைக் கேளுங்கள். மறுநாள் மாவு கிடையாது என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். சோடா உப்பும் எலுமிச்சையும் போட்டுக் கிரைண்டரைத் தேய்த்தேன். தரையைக் கழுவி, மாக்கோலம் போட்டு, தூக்குகளைக் கவிழ்த்து அடுக்கினேன். ஆயுத பூஜைக்குச் செய்வது போல டிரம்முக்குச் சந்தனம், குங்குமம், கதம்பச் சரம். சர்க்கார் கொடுத்த பொருளை எவ்வளவு மரியாதையாக வைத்திருக்கிறோம் என்று அவர்கள் பார்க்க வேண்டாமா? அவரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். வந்த அதிகாரி இளவயதுக்காரர், மரியாதையானவர். காபி குடித்தார், போட்டோ எடுத்தார், போய்விட்டார்.

அடுத்த வாரம் போன் வந்தது. "மெஷின் பிரிச்ச மேனிக்கு அப்படியே இருக்குன்னு ரிப்போர்ட் போயிருக்கும்மா. ஓட்டலேன்னா திருப்பிக் கொடுத்துடுங்க."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கைப் பிடித்து வைத்திருந்தேன். போனிலேயே கத்தினேன். தினமும் ஓடுகிறது, தெருவைக் கேளுங்கள் என்றேன். மறுபடி வந்து பார்க்கிறோம், இந்தத் தடவை சொல்லிவிட்டு வர மாட்டோம் என்றார்கள். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும். "பொட்டு வேற வச்சே," என்று மட்டும் சொல்லி, சிரிக்கப் பார்த்து, முடியாமல் அரிசி களையப் போனார்.

அதற்குப் பிறகு வாசலில் பைக் நின்றால் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பேன். கிரைண்டரை நன்றாகக் கழுவவும் பயம், கழுவாமல் விட்டால் மாவு புளித்துப்போகும் என்றும் பயம். ராத்திரி படுத்தால் கால் வலிக்கும் முன்னால் இந்த நினைப்பு வலிக்கும்.

அவர்கள் வந்தபோது நான் மாவு தெறித்த நைட்டியில் இருந்தேன். தரையெல்லாம் வழுக்கல். உட்காரச் சொல்ல ஒரு நாற்காலி காலியாக இல்லை, எல்லாவற்றிலும் தூக்கு. வீட்டுக்கு வந்த மனிதருக்கு முன்னால் இப்படி நின்றதில்லை நான். அழுகையாக வந்தது.

"இப்படித்தாம்மா இருக்கணும்," என்றார் அதே அதிகாரி, சந்தோஷமாக. போனைத் தூக்கிப் பிடித்து, "சார், அந்தக் கை தெரியிற மாதிரி நில்லுங்களேன்," என்றார் என் வீட்டுக்காரரிடம்.

அவர் திரும்பவில்லை. "அது பென்ஷனுக்குக் காட்டின கை சார். மாவு அரைக்கிறது இது," என்று முழங்கை வரை மாவு வழிந்த இடது கையைத் தூக்கிக் காட்டினார். அதிகாரி அப்படியே போட்டோ எடுத்துக்கொண்டார்.

கிரைண்டர் எங்களிடமே இருக்கலாம் என்று தகவல் வந்தது. இனி யாரும் வந்து பார்க்க மாட்டார்களாம். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு உளுந்து ஊறப்போட்டார்.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. தெருவில் ஆட்டோ, சைக்கிள், தையல் மெஷின் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு ஓய்வாக நின்றன. எங்களுக்கும் ஒருநாள் ஓய்வு என்று நினைத்துச் சந்தனம் குழைத்துக்கொண்டு போனேன். அவர் குறுக்கே வந்து நின்றார். பட்டறையில் கை போன அன்றுகூட அந்த முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை.

"வேணாம்டி," என்றார். "யாராச்சும் வந்து பார்த்துட்டா?"

நான் அவரைச் சுற்றிக்கொண்டு போனேன். கிரைண்டருக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டு, யார் கண்ணிலும் படாத பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தேன். பிறகு அவர் அரிசியைக் கொட்ட, நான் சுவிட்சைப் போட்டேன்.