போகித் தீயிலிருந்து வந்த வாழ்த்துகள்

நெசவாளர் சங்கத்தில் பட்டு நூலை எடை போட்டுக்கொண்டிருந்தபோது வாட்ச்மேன் வந்து சொன்னார். "நெஞ்சு வலின்னாராம்மா. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிடுச்சு." யாருக்கு என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, நம்ம ஏகாம்பரம் என்றார். போகி நெருங்குகிற நேரம் அது. இந்தச் சமயத்தில் அந்த மனிதர் பிள்ளையார்பாளையம் முழுக்க சைக்கிளில் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். படுத்துக்கிடக்கிற ஆளா அவர்? தராசில் போட்ட நூலை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.

ஏகாம்பரம் அண்ணனை உங்கள் எல்லோருக்கும் தெரியும். சங்கம் போடும் இந்த நினைவு மலர் வெளியூருக்கும் போகும் என்பதால் அவர் வேலையை மட்டும் சொல்லிவிடுகிறேன். சேலைக் கரையில் அன்னமோ மாங்காயோ விழ வேண்டுமென்றால், தறிக்கு மேலே தொங்கும் அட்டைகளில் துளை போட வேண்டும். ஓர் இழைக்கு ஓர் அட்டை. வரிசையாகக் கோத்து மாட்டினால் தறி அதைப் பார்த்து நெய்யும். எங்கள் சங்கத்தில் துளை போடுகிறவர் அவர்தான். டிசைன் பழசாகிவிட்டால் அந்த அட்டைகள் போகித் தீக்குப் போகும். இல்லையென்றால் வெந்நீர் அடுப்புக்கு.

அதுதான் அவருக்குப் பொறுக்காது. போகியன்று விடிவதற்கு முன்பே ஒவ்வொரு தெரு முனையிலும் நின்று, கொளுத்தப்போகிறவர்களிடம் மன்றாடி அட்டைகளை வாங்கிக்கொண்டு வருவார். தறியில் மிஞ்சிய பட்டு நூலைத் துளைகளில் கோத்துப் பூவாக்குவார். மஞ்சளைக் குழைத்து ஓரம் பூசுவார். துளை இல்லாத இடத்தில் பொங்கல் வாழ்த்து எழுதுவார். உறை கிடையாது, தபால்தலை கிடையாது, அவரே சைக்கிளில் கொண்டுவந்து கொடுப்பார். போகிக்குப் பிறகு செய்வதால் அவருடைய வாழ்த்து காணும் பொங்கலுக்குத்தான் வந்து சேரும். ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கடையில் தங்கப்பொடி தூவின வாழ்த்து அழகழகாக விற்கிறதே, கருமித்தனமா உங்களுக்கு என்று ஒருமுறை கேட்டேன். அவருக்குக் கோபமே வராது. "காசு குடுத்து வாங்கி அடுத்த போகிக்குக் கொளுத்துறாங்கமா. அவங்க கொளுத்துறத நான் எடுத்துக் குடுக்கறேன். இத யாரும் கொளுத்தல பாரு" என்றார். உண்மைதான். பாதி வீடுகளில் அவை சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகியிருக்கும்.

எங்கள் பையன் பாலுவுக்கு ஐந்து வயது முடிந்த மாசி மாதம் பிறந்தநாள் வாழ்த்தென்று ஓர் அட்டை கொண்டுவந்தார். சிவப்பு நூலில் கிளி. மறுநாள் காலையில் அரக்கப் பரக்க ஓடிவந்தார். அவசரத்தில் பழசு என்று நினைத்து, ஓடிக்கொண்டிருக்கும் டிசைனிலிருந்து ஓர் அட்டையை உருவிவிட்டாராம். ஓரிக்கையில் ஒரு கல்யாணச் சேலை பாதியில் நிற்கிறது, நெய்கிறவர் கத்துகிறார். பாலு அட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு தரமாட்டேன் என்றான். நான் பிடுங்கப் போனேன். கொடுத்ததைக் குழந்தையிடம் திரும்ப வாங்கக் கூடாது என்று அவர் என்னைத் தடுத்துவிட்டார். கோத்த நூலை மட்டும் கொஞ்ச நேரம் உருவிக்கொள்ளட்டுமா என்று அவனிடமே அனுமதி கேட்டார். பாலு ஒரு முனையைப் பிடித்தபடியே இருக்க, கீழே புது அட்டையை வைத்துத் துளை துளையாகப் பென்சிலால் குறித்துக்கொண்டார். பிறகு தரையில் உட்கார்ந்து கிளியை மறுபடி கோத்துக் கொடுத்துவிட்டுத்தான் ஓரிக்கைக்குக் கிளம்பினார். அங்கே வாங்கிய திட்டை எங்களிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் பாலுவுக்குக் காய்ச்சல் வந்தது. அவனை நாங்கள் காப்பாற்றவில்லை. இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

அதன் பிறகு எங்கள் வீட்டில் அவன் பெயர் நின்றுபோயிற்று. என் வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டார். பாலு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. உறவுக்காரர்களும் நல்ல எண்ணத்தில்தான் பேச்சை மாற்றினார்கள். மாசி வந்தது. அவன் பிறந்தநாளன்று சங்கத்தில் ஏகாம்பரம் அண்ணன் என் மேஜையில் ஓர் அட்டையை வைத்தார். நீல நூலில் மயில். கீழே 'பாலுவுக்கு' என்று மட்டும் எழுதியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. உங்களுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

அவர் நகரவில்லை. மெதுவாகச் சொன்னார்: "புள்ள போயிட்டான்மா. அவன் பொறந்தது பொய்யாயிடுமா? பொறந்தான் இல்ல? அதுக்குத்தான் இது."

அன்றைக்குத்தான் நான் வாய்விட்டு அழுதேன். காரியத்தன்றுகூட அப்படி அழவில்லை. அதன் பிறகு ஒரு மாசி தவறவில்லை. ஒவ்வோர் அட்டையையும் வீட்டில் பீரோவுக்குள், என் பழைய சேலைகளுக்கு அடியில் வைத்தேன். என் வீட்டுக்காரர் கண்ணில் பட்டால் மனசு உடைந்துவிடுவார் என்ற பயம். என் பிள்ளையின் பெயரை இன்னொருவர் கையெழுத்தில் பார்ப்பதற்காகவே வருஷம் முழுக்கக் காத்திருந்தேன். இனி யார் எழுதப்போகிறார்கள்? ஏகாம்பரம் அண்ணனை அவர் வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது எல்லோரும் என்னென்னவோ சொல்லி அழுதார்கள். என் மனசில் இந்த ஒன்றுதான் ஓடியது. சுயநலம் என்றால் சுயநலம்தான்.

அவர் எனக்கு விட்டுப்போனது எது என்பதைச் சொல்லி முடிக்கிறேன். எடுத்த பிறகு வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன். என் வீட்டுக்காரர் தறிக்குழியில் சும்மா உட்கார்ந்திருந்தார். ஈரத் தலையோடு அவரைத் தாண்டிப் போனபோது, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"மாசி வந்தா இனிமே யாரு குடுப்பாங்க?"

நின்றேன். இத்தனை வருஷமும் அந்தப் பீரோவை அவரும் திறந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு, அவர் பிள்ளையின் பெயரைச் சொன்னார்.

"பாலுவுக்கு இப்ப எத்தினி வயசு?"

பதின்மூன்று என்றேன்.