உஷ் அக்காவும் பள்ளிக்கூட டிரம்மும்

தெருவில் அவளுக்கு வைத்திருந்த பெயர் உஷ் அக்கா. பள்ளிக்கூடம் விட்டு வரும் பொடிசுகள் அவள் வீட்டைத் தாண்டும்போது விரலை உதட்டில் வைத்துக்கொண்டு திருட்டுப் பூனை மாதிரி நடப்பார்கள். தாண்டியதும் ஒட்டுமொத்தமாகக் கத்திவிட்டு ஓட்டம் எடுப்பார்கள். கூட்டிப்போக வந்த பெற்றோர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவள் கதவைத் திறந்து ஒரு முறை முறைத்தால் போதும், பெரியவர்கள் வாயும் மூடிக்கொள்ளும்.

பிள்ளைகள் மேல் அவளுக்கு என்ன பகை? ஒன்றுமில்லை. அவள் புருஷன் பேக்கரியில் அடுப்புக்காரர். ஊர் படுக்கிற நேரத்தில் வேலைக்குக் கிளம்புவார், ஊர் ரொட்டி வாங்க வரிசையில் நிற்கிற நேரத்தில் வீடு திரும்புவார். அவருக்கு ராத்திரி என்பது பகலில்தான். அந்தப் பகல் தூக்கத்துக்குக் காவல் நிற்பதுதான் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் செய்துவந்த உத்தியோகம்.

அந்த வீட்டில் குக்கர் கிடையாது, விசில் அடிக்கும் என்பதால். அழைப்பு மணியின் வயரைப் பிடுங்கி விட்டிருந்தாள். நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழைய சாக்ஸ் மாட்டியிருந்தாள். பாத்திரம் கழுவும் தொட்டியில் ஒரு துண்டை விரித்துப் போட்டுத்தான் தட்டையே வைப்பாள். துணி தைப்பது அவள் தொழில். ஆனால் மெஷினை அவர் வேலைக்குக் கிளம்பின பிறகுதான் தொடுவாள். பகலில் பட்டன், கொக்கி, ஓரம் மடிப்பது என்று கைவேலை மட்டும்தான். புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டால்கூடக் கிசுகிசுவென்றுதான் போடுவார்கள். பழக்கம் அப்படி. கிசுகிசுப்பிலேயே வண்டி வண்டியாகத் திட்ட அவளுக்குத் தெரியும்.

அவர்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். ஐந்து வகுப்பு மட்டுமே உள்ள சின்னப் பள்ளிக்கூடம். அதன் மணி, இடைவேளைக் கூச்சல், பந்து உதைக்கும் சத்தம் எல்லாம் அவருக்கு மழைச் சத்தம் மாதிரி பழகிவிட்டது. சுவரை ஒட்டியிருந்தது தட்டுமுட்டுச் சாமான் போடும் அறை. உடைந்த பெஞ்சுகள் சத்தம் போடாது. ஆக, நெடுநாள் பிரச்சினை இல்லாமல் ஓடியது.

பிரச்சினையைக் கொண்டுவந்தது அவள் கூடப்பிறந்த அண்ணன்தான். டயர் கடை வைத்திருக்கிறவர். பள்ளிக்கூடப் பெற்றோர் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். அவர் பையன் அந்தப் பள்ளியைவிட்டுப் போய் மீசையே முளைத்துவிட்டது. அப்பா மட்டும் இன்னும் பாஸாகி வெளியே வரவில்லை. குளிர்காலப் பருவம் வந்தாலே அவருக்குக் கை காலெல்லாம் பரபரக்கும். வெளியே பனி, பிள்ளைகளை மைதானத்தில் விட முடியாது, எல்லாவற்றையும் உள்ளேயே நடத்தவேண்டும். பழைய ஸ்வெட்டர் சேகரிப்பது, தீயணைப்பு வண்டிக்காரரைக் கூப்பிட்டுப் பேச வைப்பது, கடைசியில் ஊரைக் கூட்டி ஒரு கலைநிகழ்ச்சி. இந்த வருஷம் அதற்கு மேல் ஒரு படி போய், தன் கடை சார்பில் ஒரு டிரம் செட்டை அன்பளிப்பாகக் கொடுத்தார். அதை வைக்க இடம் வேண்டுமே? தட்டுமுட்டு அறையைக் காலி பண்ணி, வெள்ளையடித்து, ரிப்பன் கட்டி, இசை அறை என்று பலகையும் மாட்டிவிட்டார்கள்.

முதல் நாள் டிரம் அடி விழுந்தபோது அவள் புருஷன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, நிலநடுக்கமா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அது தினசரி ஆனது. காலையில் மூன்றாம் வகுப்பு, பிறகு நான்காம் வகுப்பு, பிறகு ஐந்தாம் வகுப்பு. யாருக்கும் வாசிக்கத் தெரியாது, எல்லோருக்கும் அடிக்கத் தெரியும். அவர் காதில் பஞ்சு வைத்தார், தலையணையை மேலே கவிழ்த்தார், கட்டிலைச் சமையல்கட்டுக்கு நகர்த்தினார். இரும்புக் கம்பி மாதிரி இருந்த மனுஷன் வாரத்துக்கு வாரம் தொங்கிப்போனார். சாப்பிடும்போதே கண் சொருகும். ஒரு ராத்திரி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தபடி கண்ணயர்ந்துவிட, ஒரு சுற்று ரொட்டி முழுவதும் கரியாகிவிட்டது. அடுப்பு வேலையில் அது மன்னிக்கிற தப்பு இல்லை. முதலாளி கத்தக்கூட இல்லையாம். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னாராம். கத்தாத முதலாளி சொன்னால் செய்துவிடுவான் என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமை ஆசிரியையைப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னாள். முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அறையில் ஸ்வெட்டர் மூட்டைகள் சும்மாதானே கிடக்கின்றன, மூட்டை இந்தப் பக்கம் வரட்டும், டிரம் அந்தப் பக்கம் போகட்டும் என்று கேட்டாள். நியாயமான பேச்சு. தலைமை ஆசிரியை பஞ்சுபோலப் பேசுகிறவர். எல்லாம் கேட்டுவிட்டு, அறையை மாற்றுவதெல்லாம் கமிட்டி கையில் இருக்கிறது, நம் பள்ளியில் எதையும் கை தூக்கித்தானே முடிவு செய்கிறோம் என்றார். அது உண்மைதான். அந்தப் பள்ளியில் ஜன்னல் திரைக்கு என்ன கலர் என்பதைக்கூடப் பெற்றோர்கள் கை தூக்கித்தான் முடிவு செய்வார்கள். தங்களைத் தவிர வேறு யாருக்கும் கை இருக்கிறது என்ற நினைப்பு அவர்களுக்கு இருந்ததில்லை.

அண்ணனிடமும் போனாள். அவர் டயருக்குக் காற்றடித்துக்கொண்டே, மாப்பிள்ளைக்கு உடம்பில் ஏதாவது கோளாறாக இருக்கும், டாக்டரிடம் காட்டு என்றார். கூடவே நிகழ்ச்சிக்கு வேண்டிய உடுப்புத் துணியை ஒரு மூட்டையாகக் கட்டி அவள் தலையிலேயே ஏற்றி அனுப்பினார். தங்கச்சி கைத்தையல்போல வருமா என்று வேறு சொன்னார். அவளும் வாங்கிக்கொண்டாள். அங்கேதான் அவள் முட்டாள்தனம். இதைத் தைத்துக் கொடுத்தால் அதைச் செய்து கொடுப்பார்கள் என்று ஒரு கணக்குப் போட்டாள்.

அந்தப் பக்கம் டிரம், இந்தப் பக்கம் அந்த டிரம்காரப் பிள்ளைகளுக்கே சத்தம் வராமல் கையால் ஓரம் மடித்துக்கொண்டிருக்கும் அவள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

இதற்குள் கமிட்டியில் ஒரு கண்டுபிடிப்பு நடந்திருந்தது. உஷ் அக்கா வீட்டில் குழந்தை இல்லை அல்லவா, அதனால்தான் குழந்தைகள் சத்தம் பிடிக்கவில்லை, பாவம், தனிமை. அப்படி ஒருத்தி சொல்ல, எல்லோரும் உச்சுக்கொட்டினார்களாம். தனிமைக்கு மருந்து என்ன? அக்கம்பக்கத்தாரோடு உறவாடுவது. அதற்கும் கை தூக்கினார்கள்.

ஒரு காலை, அவர் வேலையிலிருந்து வந்து அப்போதுதான் படுத்திருந்தார். வாசலில் இரண்டாம் வகுப்பு முழுவதும் வந்து நின்றது. கையில் பூ வரைந்த அட்டை, தலையில் கம்பளிக் குல்லாய். பின்னால் தலைமை ஆசிரியை. அவருக்குப் பின்னால் அண்ணன், கழுத்தில் ஒரு டிரம்மை மாட்டிக்கொண்டு. அவள் கதவைத் திறந்து, வேண்டாம் என்று கை ஆட்டுவதற்குள் அண்ணன் அடிக்க ஆரம்பித்துவிட்டார். பிள்ளைகள் வாழ்த்துப் பாட்டு ஒன்றை முழுசாகப் பாடின. இரண்டு தடவை. அவர் லுங்கியோடு எழுந்து வந்து, சிவந்த கண்ணோடு வாசலில் நின்றார். ஒரு குழந்தை பயந்து அழுதது. அதற்கும் அவர்தான் காரணம் என்று அன்று சாயங்காலமே தெருவெல்லாம் பேசிக்கொண்டார்கள்.

அவர்கள் போனதும் அவர் கிசுகிசுப்பாக இல்லாமல், வாய்விட்டே சொன்னார்:

"உங்க அண்ணன்கிட்ட சொல்லு. எனக்குத் தனிமை ஒண்ணும் இல்ல. தூக்கம்தான் இல்ல."

அவள் மறுபடியும் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். இந்தத் தடவை பேச்சுக்கு இடமில்லை, சண்டைதான். தைத்த உடுப்பையெல்லாம் கத்தரியால் நறுக்கிவிடுவேன் என்றாள். நிகழ்ச்சி நெருங்கிவிட்டதால் தலைமை ஆசிரியை இறங்கி வந்தார். நிகழ்ச்சி அன்று எல்லாப் பெற்றோரும் வருவார்கள், உங்கள் வீட்டுக்காரரையும் கூட்டிவாருங்கள், முடிவில் அவரே மேடையில் நின்று கஷ்டத்தைச் சொல்லட்டும், அங்கேயே கை தூக்கி முடித்துவிடலாம் என்றார். அவளுக்கு அது போதும் என்று பட்டது. அவர் பேசினால் யாரும் மறுக்கமாட்டார்கள். நெருப்போடு பழகின மனுஷன், அளந்து பேசுவார், நியாயமாகப் பேசுவார். என்ன பேசவேண்டும் என்று இரண்டு பேரும் ஒத்திகையே பார்த்துக்கொண்டார்கள்.

நிகழ்ச்சி பகலில், பள்ளிக்கூட மண்டபத்தில். அவருக்கு அது நடு ராத்திரி. ராத்திரி முழுக்க அடுப்பில் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து குளித்து, கல்யாணத்துக்குப் போட்ட கோட்டை மாட்டிக்கொண்டு, கட்டில் பக்கமே திரும்பாமல் அவளோடு நடந்தார். தலைமை ஆசிரியை மரியாதையாக வரவேற்று முன் வரிசையில் உட்கார வைத்தார். குளிருக்கு ஹீட்டர் வைத்திருந்தார்கள், அதற்குப் பக்கத்து நாற்காலி. விருந்தாளி அல்லவா.

அவள் திரைக்குப் பின்னால் போய்விட்டாள். அங்கே பிள்ளைகளுக்கு உடுப்பு மாட்டிவிட அவளை விட்டால் ஆளில்லை. மேகம் வேஷம் போட்ட குண்டுப் பிள்ளைக்கு முதுகில் துணி போதவில்லை, ஒட்டுப்போட்டாள். மரம் வேஷக்காரன் மூத்திரம் வருகிறது என்றான், அவிழ்த்து அனுப்பி மறுபடியும் மாட்டினாள். வெளியே டிரம் முழங்கியது. கைதட்டல் கேட்டது. பிறகு ஒரு பெரிய சிரிப்பு எழுந்தது, அடங்கி, மறுபடியும் எழுந்தது. மேகம் ஏதோ கோமாளித்தனம் பண்ணியிருக்கும் என்று நினைத்து அவளும் சிரித்துக்கொண்டாள்.

சிரிப்பு நிற்காததால், வாயில் கவ்விய குண்டூசிகளோடு திரையை விலக்கி வெளியே வந்தாள்.

அவள் புருஷன் ஹீட்டர் ஓரம் நாற்காலியில் சரிந்து, வாய் திறந்து, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவர் முழங்காலுக்குத் தொட்டுவிடும் தூரத்தில் டிரம். தலைமை ஆசிரியை கையில் மைக். தூங்குகிறவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார்களாம். அவர் அசையவில்லையாம். அண்ணன் குறும்பாக டிரம்மில் ஒரு போடு போட்டுப் பார்த்தாராம். அதற்கும் அசையவில்லையாம். சபை கொல்லென்று சிரித்திருக்கிறது.

"நம்ம டிரம் சத்தத்துல இவருக்குத் தூக்கமே வர்றதில்லையாம்" என்று தலைமை ஆசிரியை மைக்கில், அதே பஞ்சுக் குரலில், சொல்லிக்கொண்டிருந்தார். "நீங்களே பார்க்கறீங்க. இசை அறை இருக்கற இடத்துலயே இருக்கட்டும்ங்கறவங்க கை தூக்கலாம்."

கைகள் ஏற்கெனவே மேலே இருந்தன. ஒன்று விடாமல். அண்ணன் இரண்டு கையையும் தூக்கியிருந்தார். அவள் கத்தியிருப்பாள், வாயில் ஊசி. ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் குத்தி முடிப்பதற்குள் கைகள் இறங்கி, கேக் எடுக்கப் போய்விட்டன.

வாரக்கணக்கில் தூங்காத உடம்பு எங்கே வேண்டுமானாலும் விழும், இடி விழுந்தாலும் எழாது. அவ்வளவு பேர் இருந்த மண்டபத்தில் இதை யோசிக்க ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. பெற்ற பிள்ளைகளைத் தூங்கவைத்துப் பழகினவர்கள்தானே அத்தனை பேரும்? அவர்களை எனக்கு மன்னிக்க மனசு வரவில்லை. சிரிக்க ஒரு ஆள் கிடைத்தால் நியாயம் யாருக்கு வேண்டும்.

அண்ணன் வந்து மாப்பிள்ளையின் தோளைத் தட்டப் போனார். அவள் அந்தக் கையைப் பிடித்து விலக்கினாள்.

"தொடாதே. இந்த மனுஷன் இப்படித் தூங்கி நான் பார்த்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா உனக்கு?"

"கோச்சுக்காதம்மா. எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு. மண்டபத்தைப் பூட்டணும், எழுப்பு."

"எங்களையும் உள்ள வச்சுப் பூட்டிக்க. அதுக்கும் கை தூக்கச் சொல்லு."

அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். சுற்றிலும் நாற்காலி மடக்குகிறார்கள், தரை துடைக்கிறார்கள், ஹீட்டரை அணைத்துத் தூக்கிப் போகிறார்கள். அவள் தன் ஷாலை அவர் மேல் போர்த்திவிட்டு, கிட்டே வந்தவர்களையெல்லாம் அந்த முறைப்பு முறைத்தாள். தலைமை ஆசிரியை இரண்டு தடவை தொண்டையைச் செருமிப் பார்த்துவிட்டு, சாவியை ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இருட்டும்வரை அவர் தூங்கினார்.

அன்றைக்கு ரொட்டி நன்றாக வந்தது. அடுத்த வாரம் கருகியது.

முதலாளி இந்தத் தடவையும் கத்தவில்லை. விடிவதற்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். புருஷன் வந்து விஷயத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் படுத்தார், தூங்கவில்லை. வெளிச்சம் வந்தது, பள்ளிக்கூட மணி அடித்தது, சுவருக்கு அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு டிரம்மில் இறங்கியது. அவள் செருப்பை மாட்டினாள். இன்றைக்கு அந்த டிரம்மைக் கிழிப்பது, இல்லை அண்ணன் சட்டையைக் கிழிப்பது என்ற முடிவோடு கதவில் கை வைத்தாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் அவர் கட்டிலிலிருந்து.

"எங்கயா? இதை இன்னிக்கு நிறுத்தறேனா இல்லையா பாருங்க."

"விடு. அடிக்கட்டும்" என்றார். "ராத்திரி தூங்கிக்கறேன். இனிமே ராத்திரி எனக்கு என்ன வேலை?"

அவள் செருப்பைக் கழற்றினாள்.