பாஸான அக்காவைப் பெயிலாக்கிய வீடு

பிளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்த என் அக்காவைப் பெயிலாக்கியவர் எங்கள் அப்பாதான்.

அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது காய்ந்த மிளகாய் கருகும் வாடை. மதுரை செல்லூரில் விசைத்தறி ஓடும் வீடு எங்களுடையது. அந்தச் சத்தத்தில் கத்தித்தான் பேசுவோம், ஆனால் நல்ல சேதியை மட்டும் காதோடு காதாகச் சொல்ல வேண்டும். சொன்ன கையோடு அம்மா மிளகாயும் உப்பும் எங்களைச் சுற்றி அடுப்பில் போடுவாள். நெடியேறி இருமினால் நிம்மதி. இருமல் வராவிட்டால் "அம்புட்டும் கண்ணு" என்று அவள் முகம் வெளிறிவிடும்.

இதற்கெல்லாம் காரணம் பெரியப்பாவின் சாவு. வீட்டில் முதல் தறி ஓடிய அன்று அப்பா தெரு முழுக்கப் பூந்தி கொடுத்தார். அன்று சாயங்காலமே பெரியப்பா கோரிப்பாளையத்தில் பஸ்ஸிலிருந்து விழுந்து இறந்துபோனார். பூந்திக்கும் பஸ்ஸுக்கும் அப்பா ஒரு முடிச்சுப் போட்டார், அதை யாராலும் அவிழ்க்க முடியவில்லை. அதன்பிறகு சந்தோஷம் எங்கள் வீட்டில் திருட்டுச் சாமான் மாதிரி, கையில் இருந்தால் ஒளித்து வைக்க வேண்டும். நானும் அக்காவும் வாய்விட்டுச் சிரித்தால் தறியை நிறுத்திவிட்டு வந்து நிற்பார். "எதுக்கு இம்புட்டுச் சிரிப்பு?" என்பார். சிரித்து முடித்ததும் யாருக்கு என்ன ஆகப்போகிறதோ என்று வீட்டு ஆட்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்ப்பேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அக்காவின் ரிசல்ட் வந்தது. எங்கள் தெருவிலிருந்து ஊரின் மறுகோடியில் பசுமலைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படித்தவள் அவள் ஒருத்திதான் என்பது அப்பாவுக்கு வசதியாகப் போயிற்று. கேட்டவர்களிடமெல்லாம் "கணக்குல போயிருச்சு" என்றார். துக்கம் விசாரிப்பது போல ஆட்கள் வந்தார்கள். எதிர்வீட்டு ராக்கம்மா அத்தை அக்காவின் தலையைத் தடவி, "விடு தாயி, மறுபடி எழுதிக்கிரலாம். எங்க வீட்டு மாப்ள பத்தாப்பையே மூணு தடவை எழுதுனவரு, இன்னைக்குப் புல்லட்டுல போறாரு" என்றாள். அக்கா சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்து அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் கணக்கு டீச்சர் ஒரு ஸ்வீட் பெட்டியோடும் கல்லூரி விண்ணப்பத்தோடும் தேடி வந்துவிட்டார். வழி கேட்டதே அத்தையிடம்தான். சேதி தெரிந்து தெருவே பின்னால் வந்து வாசலில் நின்றது. அப்பா தறிகளை நிறுத்தினார்.

"பேரு மாறியிருக்கும் டீச்சர். எங்க புள்ள பெயிலு."

அவர் விரல்கள் ஒரு நூலை முறுக்கி முறுக்கி அறுத்துக்கொண்டிருந்தன. டீச்சர் அவரை விட்டுவிட்டு அக்காவிடம் திரும்பினார்.

"நீ சொல்லு மலர்."

அக்காவும் அந்த விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கணக்குல போயிருச்சு டீச்சர்."

கணக்குச் சொல்லிக்கொடுத்தவரிடமே அப்படிச் சொன்னாள். டீச்சர் பெட்டியையும் விண்ணப்பத்தையும் தறிமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குமேல் கல்லூரிக்கு அனுப்பினால் பொய் வெளியே வரும், பொய்யோடு சந்தோஷமும் வெளியே வரும் என்று அப்பா அந்த விண்ணப்பத்தைத் தொடவே விடவில்லை. ஆவணியில் அக்காவுக்குக் கல்யாணம். பெயிலான பெண் என்றுதான் மாப்பிள்ளை வீட்டுக்கும் தெரியும். அப்புறம் வீட்டில் யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை என்று அப்பா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். அக்காவுக்கு வந்தது அவர் கண்ணில் படவே இல்லை.

இப்போது தறிகள் இல்லை, கத்திப் பேச வேண்டியதும் இல்லை. ராக்கம்மா அத்தையின் வீட்டை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். மிளகாய் கருகிய விறகடுப்பு போய் கேஸ் வந்துவிட்டது. பயம் மட்டும் போகவில்லை. போன வாரம் அக்கா போனில் கிசுகிசுத்தாள்: "பாப்பா பிளஸ் டூவுல நல்ல மார்க்குடி. யார்ட்டயும் சொல்லிறாத. அவளையும் ரொம்பச் சிரிக்காதன்னு சொல்லிவச்சிருக்கேன்."

அப்பா, வருகிற ஞாயிற்றுக்கிழமை அக்கா தன் மகளோடு செல்லூருக்கு வருகிறாள். தெருவில் மிச்சமிருக்கும் பழைய ஆட்களை நானே வாசலுக்குக் கூட்டி வருகிறேன். அந்தப் பெண்ணின் காதில் விழும்படி, அத்தனை பேருக்கும் கேட்கும்படி, சத்தமாகச் சொல்லுங்கள். என் அக்கா பாஸா, பெயிலா?