புளி போட்டு விளக்கிய மூடி

நான் ஐ.டி.ஐ. படித்தவன். தொண்ணூறுகளின் நடுவில், கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்குக் கிடைத்தது. பாடம் நடத்தத் தனியாக வாத்தியார்கள் இருந்தார்கள். வயரை எப்படிச் சீவுவது, ஈயத்தை உருக்கி எப்படிச் சால்டரிங் வைப்பது, மிஷின் ஓடாவிட்டால் முதலில் எங்கே பார்ப்பது, இதெல்லாம் சொல்லிக்கொடுப்பது என் பாடு.

அங்கே ஒரு பழக்கம் இருந்தது. மேஜைக்கு அடியில் குனிந்து செய்யும் வேலையெல்லாம் பையன்களுக்கு. பெண்கள் கீபோர்டோடு சரி. யாரும் சட்டம் போடவில்லை, அப்படியே நடந்துகொண்டிருந்தது. அதனால் மிஷினுக்குப் பின்பக்கம் எது எதற்கு என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

ஆயுத பூஜை வந்தது. லேபைத் துடைத்து, கோலம் போட்டு, விளக்கு வைப்பது பெண்கள் பொறுப்பு. அந்தக் காலத்தில் எல்லா மிஷினையும் ஒரே கேபிள்தான் வரிசையாக இணைத்துக்கொண்டு போகும். அதன் இரண்டு முனையிலும் விரல்நுனி அளவுக்கு ஒரு உலோக மூடி இருக்கும். பார்த்தால் வெறும் மூடிதான். ஆனால் உள்ளே ஐம்பது ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. அது கெட்டால் ஒரு மிஷினும் சர்வரோடு பேசாது. தொண்டாமுத்தூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஒரு பெண், மூடி கறுத்துக் கிடக்கிறதே என்று இரண்டையும் கழற்றி, குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டு விளக்கி, துடைத்து, பழையபடி மாட்டிவிட்டாள். பளபளவென்றுதான் இருந்தது.

பூஜை விடுமுறை முடிந்து மிஷின்களைப் போட்டால் நெட்வொர்க் வரவில்லை. பல்கலைக்கழகப் பிராக்டிகல் அடுத்த வாரம். துறைத் தலைவர் வந்து, யார் கை வைத்தது என்று கேட்டார். அவளே எழுந்து நின்று சொன்னாள். நாளைக் காலை அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மற்றவர்கள் போன பிறகு அவள் என்னிடம் வந்தாள். காலேஜிலிருந்து ஒரு புகார் வந்தாலும் படிப்பு அவ்வளவுதான் என்று சொல்லித்தான் அவளுடைய அப்பா சேர்த்துவிட்டாராம்.

"திட்டுனாக்கூடப் பரவால்லீங்க சார். நிறுத்திப்போடுவாருங்க," என்றாள்.

மல்டிமீட்டரை அவள் கையில் கொடுத்து, நீயே அளந்து பார் அம்மணி என்றேன். ஒரு மூடி சரியாக ஐம்பது காட்டியது. இன்னொன்றுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது, முள் ஓரிடத்தில் நிற்காமல் ஆடியது. புதிதாக வாங்க பெங்களூருக்குச் சொல்ல வேண்டும், பிராக்டிகலுக்குள் வந்து சேராது. அந்த மூடி மாதிரியே, உள்ளே ஒன்றுமில்லாத காலி பிளக் ஒன்று என்னிடம் இருந்தது. உள்ளே வைக்க ரெசிஸ்டர்தான் வேண்டும். அவள் காந்திபுரத்தில் பஸ் மாறுகிறவள், அங்கே எனக்குத் தெரிந்த பாய் ஒருவரின் எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கிவரச் சொன்னேன்.

மறுநாள் அவள் முன்னாலேயே வந்துவிட்டாள். அப்பா அடுத்த பஸ்ஸில் வருகிறாராம். ஐம்பது ஓம் கடையில் இல்லை என்றதும் என் முகம் தொங்கிவிட்டது. அவள் கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தாள்.

"அம்பதுன்னு வர்றதே இல்லைன்னு பாய் சொல்லிப்போட்டாருங்க. நாப்பத்தேழும் மூணு புள்ளி மூணும் வாங்கியாந்தேன். சீரீஸ்ல, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணாப் போட்டா வந்துருமுங்களே சார்?"

வந்துவிடும்தான். எனக்கு அது தோன்றவே இல்லை. பிளக்கை நான் பிடித்துக்கொண்டேன், அவள் சால்டரிங் வைத்தாள். முதலில் வைத்தது உதிர்ந்துவிட்டது. அடுத்தது நின்றது. மாட்டுவதற்கு ஒரு பையன் எழுந்து வந்தான். நான் கை காட்டி உட்காரச் சொன்னேன். அவள் துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு மீட்டரோடு மேஜைக்கு அடியில் போனாள்.

அந்த நேரம் பார்த்துத் துறைத் தலைவரும் அவள் அப்பாவும் வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே மிஷின் ஒவ்வொன்றாக சர்வரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"ஏனுங்க சார், புள்ள ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டாளுங்களா?"

துறைத் தலைவர் திரையைப் பார்த்தார். மேஜைக்கு அடியில் தெரிந்த கால்களைப் பார்த்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. புள்ளைங்க வேலை செய்யறதைப் பெத்தவங்களும் ஒருக்காப் பாக்கோணுமில்லீங்களா?"

"இதுக்கா ரெண்டு பஸ் மாறி வரச் சொன்னீங்க? அங்க தென்னைக்குத் தண்ணி பாஞ்சுட்டுக் கெடக்குதுங்க."

அவள் தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தாள். அப்பா அவளையும், அவள் கையிலிருந்த மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். இதை வைத்து என்ன செய்வாய் என்று கேட்டார். எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கலாம் என்றாள்.

"அப்பிடீன்னா நம்ம கெணத்து மோட்டார் ஸ்டார்ட்டரு ஓயாம கட்டாகி விழுந்துபோகுது. ஞாயித்துக்கெழம அதையும் என்னன்னு பாரு கண்ணு."

"மீட்டரு காலேஜுதுங்கப்பா," என்றாள்.

எனக்குச் சொந்தமாக ஒரு பழைய மீட்டர் இருந்தது. அதைத் துணிப்பையோடு எடுத்து அவளிடம் கொடுத்தேன்.