ஓட்டகார் பெஸ்த்யெக்கிடம் கேட்கக் கூடாத கேள்வி

புகோவ்கா ஊரில் கோபக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் கோபத்தை ஒரு உத்தியோகமாகவே எடுத்துக்கொண்டு, லீவு போடாமல் பார்த்துவந்தவர் ஓட்டகார் பெஸ்த்யெக் ஒருவர்தான். ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் ரேடியோவைத் திருகி அரசாங்கத்தின் மேல் கோபப்படுவார். அது முடிந்ததும் பக்கத்து வீட்டுக் கோழிகள். மதியச் சாப்பாட்டில் மனைவி பிளாஷெனா செய்த மாவு உருண்டை. மழை பெய்தால் மழை, பெய்யாவிட்டால் வானிலை அறிக்கை வாசித்த பெண். சாயங்காலம் மான்கொம்பு பீர்க்கடையில் போய் உட்கார்ந்து அன்றைய கோபங்களையெல்லாம் நுரையோடு விழுங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து குழந்தை மாதிரித் தூங்குவார். இந்த ஏற்பாட்டில் ஊருக்கும் திருப்தி, பிளாஷெனாவுக்கும் திருப்தி.

மான்கொம்பில் அவர் வாயைத் திறந்து பீர் கேட்டதே கிடையாது. கேட்கவும் கூடாது. தினமும் ஒரே மேசையில் உட்காரும் நிரந்தர மேசைக்காரன் ஒருவன் உள்ளே வந்து, தொப்பியை ஆணியில் மாட்டி, நாற்காலியை இழுப்பதற்குள் அவன் முன்னால் குவளை வைக்கும் அட்டையும், அட்டைமேல் பீரும் வந்திருக்க வேண்டும். குவளையில் இரண்டு விரல் மிச்சமிருக்கும்போது அடுத்தது வரும். போதும் என்று தோன்றினால் அட்டையை எடுத்துக் குவளையின் வாயில் வைத்து மூட வேண்டும். அதற்கும் பேச்சு தேவையில்லை. கேட்டு வாங்கிக் குடிக்கிறவன் சைக்கிளில் வந்த ஜெர்மன்காரன், இல்லாவிட்டால் அவனைவிடக் கேவலமாக, தலைநகர் பிராகாவிலிருந்து வந்தவன். கேட்காமல் வருகிற பீர்தான் மனிதனுக்கு அவன் யார் என்று சொல்கிறது. ஓட்டகார் அப்படித்தான் நம்பினார். ஓட்டுப் போடும் உரிமையைக்கூட அவர் இதற்கு அடுத்த இடத்தில்தான் வைத்திருந்தார்.

வந்துகொண்டிருந்தது சேவல் பீர். மாவட்டத் தலைநகரில் பெரிய ஆலையில் காய்ச்சுவது. செறிவு பத்து டிகிரி, உழைப்பாளி குடிக்கிற லேசான பீர். நாட்டின் மற்ற பீர்களைப் பற்றியும் ஓட்டகாரிடம் தீர்ப்புகள் தயாராக இருந்தன. பில்சன் பீர் நல்ல பீர்தான், ஆனால் கோட்டு போட்டுக்கொண்டு குடிக்க வேண்டும். புத்யேயோவிட்சே பீர் மாமியார் வீட்டில் ஊற்றினால் மறுக்காமல் குடிக்கலாம். கறுப்பு பீர் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு. பன்னிரண்டு டிகிரி ஞாயிற்றுக்கிழமைக்கும் சாவு வீட்டுக்கும். புதிதாக ஊருக்கு ஊர் முளைக்கும் குட்டி ஆலைகளின் பீர் யாருக்கு என்று கேட்டால், "வடிகட்டச் சோம்பேறித்தனப்பட்டவன் காய்ச்சி, தாடி வளக்கிறவன் குடிக்கிறது" என்பார்.

இந்தக் கடைசித் தீர்ப்புக்கு ஒரு காரணம் இருந்தது. காரணத்தின் பெயர் ராதிம் குபென்யா.

ராதிமும் அவரும் ஒரே சிக்னல் அறையில் பல வருடம் ஒன்றாக உட்கார்ந்தவர்கள். ஒரே அடுப்பில் காப்பி, ஒரே ரொட்டியில் ஆளுக்குப் பாதி. ஒருநாள் காலையில் ராதிம் ராஜினாமா எழுதிக்கொடுத்தான். பழைய கூட்டுப்பண்ணையின் மாட்டுக்கொட்டகையை வாங்கி, கொப்பரை வைத்து பீர் காய்ச்ச ஆரம்பித்தான். முதல்நாள் வரை வாயைத் திறக்கவில்லை. ஓட்டகார் மட்டும் அந்த அறையில், ஸ்டேஷனை மூடுகிற வரைக்கும், காலியான எதிர் நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மற்ற கோபங்கள் சாயங்காலம் வரைதான் தாங்கும். இது மட்டும் மறுநாளும் புதிதாகவே இருந்தது. ராதிமோடு பேச்சை நிறுத்தினார். கொட்டகை பீரைத் தொடுவதில்லை என்று ஊரறியச் சொன்னார்.

போன ஜனவரியில் லுமீர் வீட்டில் பன்றி அடித்தார்கள். லுமீர் நிரந்தர மேசையில் ஓட்டகாருக்குப் பக்கத்து நாற்காலிக்காரன். கொதிக்கும் கொப்பரைக்கு முன்னால் நின்று ரத்த சாசேஜைக் கிளறிக்கொண்டிருந்த ஓட்டகாரின் கையில் யாரோ ஒரு ஜாடியைக் கொடுத்தார்கள். குடித்தார். நிறுத்தினார். மறுபடி குடித்தார். கசப்பு நாக்கின் ஓரமாக வந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து, மரியாதையாக எழுந்து போனது. அறுபத்து மூன்று வயதில் ஒரு மனிதனுக்கு இப்படி நடக்கக் கூடாது.

"யாரு பீர்டா இது?"

"ராதிமோடது" என்றான் லுமீர்.

"அதான பாத்தேன். நனஞ்ச நாய் வாடை அடிக்குது" என்றார் ஓட்டகார். ஜாடியைக் கீழே வைக்கும்போது அதில் ஒரு சொட்டும் இல்லை. லுமீர் அதைக் கவனிக்கவில்லை. வேறு யாருக்கும் தெரியாது.

வசந்தத்தில் மான்கொம்பு முதலாளி த்ரஹுஷே, சேவல் குழாய்க்குப் பக்கத்தில் கொட்டகை பீருக்கு இரண்டாவது குழாய் வைத்தாள். அன்று சாயங்காலம் ஓட்டகார் உள்ளே வந்தார். தொப்பியை மாட்டினார். நாற்காலியை இழுத்தார். அட்டை வந்தது. அட்டைமேல் ஒன்றும் வரவில்லை. த்ரஹுஷே ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே, ஒரு பாவமும் அறியாதவள் போலக் கேட்டாள்:

"ஓட்டா, எது ஊத்தட்டும்?"

லுமீர் வாயிலிருந்த வெங்காயத்தை மெல்லாமல் நிறுத்தினான். ஓட்டகாரின் காதுமடல்கள் சிவந்தன.

"இத்தனை வருஷம் கழிச்சு என்னப் பாத்துக் கேக்குற."

"ரெண்டு இருக்கு, அதான் கேக்குறேன். எல்லாரையும்தான் கேட்டேன்."

"நான் எல்லாருமா?"

"சரி, நீ மகாராஜா. மகாராஜாவுக்கு எது ஊத்தட்டும்?"

அவர் கைகளைக் கட்டிக்கொண்டார். பரம்பரை வழக்கம் மீறப்பட்டுவிட்டது, கேள்வி வாபஸ் ஆகிற வரை வாயைத் திறக்க மாட்டேன் என்று ஊருக்குத் தெரிவித்தார். உண்மை வேறு. பதில் தொண்டையிலேயே தயாராக நின்றுகொண்டிருந்தது. அது 'கொட்டகை' என்றிருந்தது. அதைச் சொன்னால் ராதிம் ஜெயித்தான். 'சேவல்' என்று சொன்னால் பொய். மனைவி, வருமான வரி, முட்டிவலி எனப் பலவற்றைப் பற்றி அவர் தாராளமாகப் பொய் சொல்லியிருக்கிறார். பீரைப் பற்றிச் சொன்னதில்லை. ஆகவே ஒரு பொய்யிலிருந்து தப்பிக்க ஒரு கொள்கையைத் தூக்கிப் பிடித்தார். பெரிய கொள்கைகள் பலவும் இப்படித்தான் பிறந்திருக்கும் போலிருக்கிறது.

தினமும் வந்தார். தினமும் வெறும் அட்டையின் முன்னால் உட்கார்ந்தார். த்ரஹுஷேயும் சளைத்தவளில்லை.

"கேட்டா நாக்கு தேஞ்சிடுமாக்கும். வாயத் தொறந்து ஒரு வார்த்த. அதுக்கு என்ன, ரயில்வே உத்தரவு வரணுமா?"

"கேக்காத எடத்துல குடிச்சுப் பழகினவன் நான்."

"அப்ப கேக்குற எடத்துல காஞ்சு சாவு."

ஒருநாள் லுமீர் பரிதாபப்பட்டுத் தன் கணக்கில் ஒரு சேவல் வரவழைத்து அவர் பக்கம் தள்ளினான். ஓட்டகார் அதைத் திருப்பித் தள்ளினார். "எனக்குப் பிச்ச போடுற அளவுக்கு நீ எப்படா பெரிய மனுஷனான?" லுமீர் இரண்டையும் குடித்துவிட்டு, வலப்பக்க ஆளிடம் மட்டும் பேசினான். நாற்காலிகள் மெதுவாக நகர்ந்தன. சாயங்காலம் விழுங்கப்படாத கோபம் வீட்டுக்குத் திரும்பி வந்தது. பிளாஷெனாவின் மாவு உருண்டை இப்போது இரவிலும் விசாரிக்கப்பட்டது. தையல் மிஷின் சத்தம், அவள் தங்கை, திருமணப் புகைப்படத்தில் அவள் நின்ற விதம், எல்லாம்.

ஒரு மதியம் பிளாஷெனா மான்கொம்பின் பின்கதவைத் தட்டினாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"த்ரஹுஷே, அவனுக்கு ஊத்திடுடி."

"அவன் சொல்லட்டும், ஊத்துறேன்."

"சொல்ல மாட்டான். அவங்கப்பனும் சொல்லாமத்தான் செத்தான். எங்கிட்டக் கல்யாணம் பண்ணிக்கிறியான்னுகூட அவன் கேட்டதில்ல. ஒருநாள் பெட்டியோட வந்து நின்னான்."

"நீ ஏன் உள்ள விட்ட?"

"மழ பெஞ்சுது." பிளாஷெனா மூக்கைத் துடைத்தாள். "நீ தோத்தா ஒரு குவள போகும். நீ ஜெயிச்சா நான் எந்தங்கச்சி வீட்டுக்குப் போறேன். வெளாட்டுக்குச் சொல்லல."

த்ரஹுஷே அவள் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை.

அன்று சாயங்காலம் ஓட்டகார் தொப்பியை மாட்டிவிட்டுத் திரும்பியபோது மேசையில் பீர் இருந்தது. சேவல். தடித்த வெள்ளை நுரை, குவளையின் வெளிப்புறம் வேர்த்திருந்தது. யாரும் எதையும் கேட்கவில்லை. நிரந்தர மேசைக்காரர்கள் மரியாதைக்காக மேசையில் விரல்முட்டியால் தட்டினார்கள். லுமீர் நாற்காலியைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டான்.

"ஜெயிச்சிட்டடா, கழுத."

ஓட்டகார் உட்கார்ந்தார். ஜெயித்த பீரைப் பார்த்தார். இதைக் குடித்தால் அடுத்ததும் இதுவே வரும். அதற்கடுத்ததும். நாளைக்கும், குவளையை அட்டையால் கடைசியாக மூடுகிற நாள் வரைக்கும், கேட்காமல், தவறாமல், மரியாதையோடு இதுவே வந்துகொண்டிருக்கும். இரண்டு மேசை தள்ளி ராதிம் தன் பீரைத் தானே குடித்துக்கொண்டிருந்தான். செம்பொன் நிறத்தில், கொஞ்சம் கலங்கலாக. அதன் வாசனை இங்கே வரைக்கும் வந்தது, அல்லது வந்த மாதிரி இருந்தது.

காதுமடல்கள் சிவந்தன. பிறகு கழுத்து. ஓட்டகார் மேசையில் ஒரு அடி அடித்தார். நுரை தெறித்தது.

"இந்தக் கடையில ஒரு மனுஷன என்ன வேணும்னு கேக்குற பழக்கமே கெடையாதா?"

த்ரஹுஷே கையிலிருந்த குவளையை மெதுவாகக் கீழே வைத்தாள். இத்தனை நாள் அடக்கிவைத்திருந்ததெல்லாம் அவள் முகத்தில் வரிசையாக வந்து நின்றது. கத்துவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் மேசைக்கு வந்து, இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"என்ன வேணும்?"

"அது" என்றார் ஓட்டகார்.

"எது?"

"அவன் காச்சினது. பேரு சொல்லணுமா? கொட்டக. போதுமா?"

யாரும் சிரிக்கவில்லை. லுமீர்கூட. பீர் வந்தது. ஓட்டகார் எழுந்து நின்று, பாதியை ஒரே மூச்சில் குடித்து, மீசையைப் புறங்கையால் துடைத்தார். ராதிம் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஏளனம் இல்லை, சந்தோஷம் இருந்தது. ஓட்டகாரால் தாங்க முடியாதது அதுதான்.

"பல்லக் காட்டாத" என்றார். பல வருடங்களுக்குப் பிறகு அவனோடு பேசிய முதல் வார்த்தை அது. "பீர் வேற, நீ வேற. ஒரு வார்த்த சொல்லாமப் போனவன் நீ. அந்தக் கோவம் எறங்கல, எறங்கவும் எறங்காது."

ராதிம் குவளையின் பிடியைத் தேய்த்தான்.

"சொல்லியிருந்தா விட்டிருக்க மாட்ட."

"மாட்டேன்."

"அதான் சொல்லல."

ஓட்டகார் உட்கார்ந்து, மிச்சப் பாதியைக் கோபமாகக் குடித்தார். வெற்றிபெற்ற சேவல் பீர் அவர் முன்னால் சூடாகிக்கொண்டிருந்தது. பீரை வீணாக்குவது பாவம் என்பதால் லுமீர் அதைச் சத்தமில்லாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.